சதுர அடி ரேட்டும் பேஸ்மட்டக் கடனும்

“சதுர அடி என்ன ரேட்டுக்குக் கட்டித் தர்றீங்க மேஸ்திரி?”

வீடு கட்டப் போகும் எவரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். முதல் தவறும் இதுதான். மேஸ்திரி ஒரு எண்ணைச் சொல்வார். வீட்டுக்காரர் மனக்கணக்காகப் பெருக்கிப் பார்ப்பார். இருநூறு ரூபாய் குறைக்கச் சொல்லி பேரம் நடக்கும், நூறில் முடியும். வெற்றிலை பாக்கில் அட்வான்ஸ் வைத்துக் கொடுத்தால் ஒப்பந்தம் முடிந்தது. மாட்டுச் சந்தையில்கூட பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுகிறார்கள். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டிக் கட்டும் வீட்டுக்கு அந்தச் சோதனைகூட கிடையாது!

இந்தச் சதுர அடி ரேட் என்பது கணக்கே அல்ல. கணக்கு போடாமல் தப்பிக்க எல்லோரும் சேர்ந்து கண்டுபிடித்த வழி. அந்த வழியில் முதலில் காணாமல் போவது பேஸ்மட்டம்.

எந்த பேஸ்மெண்ட்?

முதலில் ஒரு சின்ன விளக்கம். இணையத்தில் வீட்டுச் செலவு கணக்கிடும் பக்கங்களில் ‘பேஸ்மெண்ட்’ என்று தேடினால் பெரும்பாலும் வருவது அமெரிக்க வீடுகளின் நிலவறை. தரைக்குக் கீழே ஒரு முழு மாடி. உளுந்தூர்பேட்டை பக்கம் களமருதூரில் போய் “பேஸ்மெண்ட் போட்டாச்சா?” என்று கேட்டால் யாரும் நிலவறையை நினைக்க மாட்டார்கள். கடைக்காலிலிருந்து எழும்பி, தரைமட்டத்துக்கு மேல் வீட்டின் தளம் வரை நிற்கும் மேடைதான் இங்கே பேஸ்மட்டம். பொறியாளர்கள் ‘பிளிந்த்’ என்பது இதைத்தான்.

நிலவறை வேறு ரகம். பள்ளம் தோண்டி, பக்கத்து மண் சரியாமல் தாங்கு சுவர் எழுப்பி, நீர்க்கசிவைத் தடுத்து, ஊறும் தண்ணீரை வெளியேற்ற மோட்டாரும் வைக்க வேண்டும். தரைக்கு மேலே கட்டும் அதே அளவு இடத்தைவிடச் செலவு கூடுதல். கணக்குத் தப்பினால் ஆபத்தும் கூடுதல். 2024 ஜூலையில் டெல்லி பழைய ராஜிந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் நிலவறை நூலகத்தில் வெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தது நினைவிருக்கலாம். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கிராமங்களில் குடும்பங்களைக் கடனில் தள்ளுவது அந்த நிலவறை அல்ல, இந்தச் சாதாரண மேடை.

ஒரு சின்ன கணக்கு

20 அடிக்கு 30 அடி. 600 சதுர அடி வீடு. ரேட் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். 12 லட்சம். குடும்பம் மொத்தமும் இந்த எண்ணை மனப்பாடம் செய்துவிடும். நகைக்கடன், சீட்டுப் பணம், துபாயிலிருந்து தம்பி அனுப்புவது எல்லாம் சேர்ந்து 12 லட்சம் தேறிவிட்டால் பூமி பூஜைக்கு நாள் குறித்துவிடுவார்கள்.

இதில் முதல் ஏமாற்று அந்த 600லேயே இருக்கிறது. வெளிச்சுவர் சுற்றளவு 100 அடி, உள்சுவர்கள் ஒரு 40 அடி. முக்கால் அடி கனமுள்ள சுவர் மட்டும் 105 சதுர அடியை விழுங்கிவிடும். புழங்குவதற்கு மிஞ்சுவது 495. அந்த இடத்துக்குப் பார்த்தால் ரேட் 2,000 அல்ல, 2,424. அடுக்குமாடி வீடு விற்கும் கம்பெனி கார்பெட் ஏரியாவைச் சொல்லியே ஆக வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கட்டாயப்படுத்தியது. சொந்த மனையில் மேஸ்திரியிடம் கட்டுபவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இரண்டாவது ஏமாற்று பேஸ்மட்டம். ஒப்பந்தத் தாள் என்று ஒன்று இருந்தால் அதில் “பேஸ்மட்டம் 2 அடி வரை” என்று ஒரு வரி இருக்கும். பல நேரங்களில் தாளே இருக்காது, பேச்சுதான். வேலை தொடங்கிய பிறகு மேஸ்திரி ரோட்டைப் பார்ப்பார், மனையைப் பார்ப்பார். “ரோடு ஒசரமா இருக்குதுண்ணே, நாலடி ஏத்துனாதான் தண்ணி உள்ள வராது” என்பார். அவர் சொல்வது உண்மைதான். அந்த உண்மையை ரேட் பேசும்போது சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கூடுதல் 2 அடிக்கு என்ன ஆகும்? உள்ளே சுமார் 500 சதுர அடிக்கு 2 அடி நிரப்பினால் 1,000 கன அடி. திமிசு போட்டு இடித்தால் மண் அமுங்கும் என்பதால் கால் பங்கு கூடுதலாக, 1,250 கன அடி கிராவல் வேண்டும். நூறு கன அடி ஒரு யூனிட் என்றால் பன்னிரண்டரை யூனிட். 140 அடி நீளச் சுவர் ஓர் அடி உயர சுமார் 1,250 செங்கல். இரண்டு அடிக்கு 2,500. யூனிட் கிராவல் 2,000, செங்கல் 10 ரூபாய் என்று கணக்குக்காக வைத்தால் இவை இரண்டும் சேர்ந்து 50,000. இதன்மேல் சிமெண்ட், எம்-சாண்ட், கொத்தனார் சித்தாள் கூலி, வெளிப்பூச்சு, வாசலில் கூடுதலாக நாலு படி, மண் இடிக்கும் கூலி எல்லாம் சேர்த்து ஒரு 40,000. மொத்தம் 90,000.

விலை ஊருக்கு ஊர் மாறும். யூனிட்டும் செங்கல் எண்ணிக்கையும் மாறாது. அதனால்தான் ரேட் கேட்பதற்கு முன்னால் அளவு கேட்க வேண்டும்.

90,000 என்பது 12 லட்சத்தில் ஏழரை சதம்தானே என்று தோன்றலாம். அது வரும் நேரம்தான் பிரச்சினை. ஒரு செங்கல்கூட தளத்துக்கு மேலே எழும்புவதற்கு முன்னால் வருகிறது. லிண்டலுக்கும் சென்ட்ரிங்குக்கும் வைத்திருந்த பணம் மண்ணுக்குள் போகிறது. ஊர் ஊராகப் பஸ்ஸில் போகும்போது பேஸ்மட்டத்தோடு நிற்கும் வீடுகளை யாரும் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கம்பி துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும், நடுவில் வேலிக்கருவேல் முளைத்திருக்கும். “வாஸ்து சரியில்ல” என்பார்கள். சரியில்லாதது வாஸ்து அல்ல, எஸ்டிமேட்.

உயரம் ஆடம்பரமா?

‘அப்படியென்றால் 2 அடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதானே?’ என்று கேட்பவர்கள் 2024 டிசம்பரை மறந்துவிட்டார்கள். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில் தென்பெண்ணை பெருக்கெடுத்தது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைக்கு அரசு 2,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து நெல் மூட்டையும் டி.வி.யும் பிள்ளைகளின் சர்டிபிகேட்டும் நனைந்தவர்களிடம் போய் பேஸ்மட்ட உயரம் ஆடம்பரம் என்று சொல்லிப் பார்க்கட்டும்.

உயரத்தைக் கூட்டும் இன்னொரு புண்ணியவான் ரோடு கான்ட்ராக்டர். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புது ரோடு. அடுத்த முறையும் அப்படியே. ஒவ்வொரு முறையும் ரோடு ஏறும், வீடு இறங்கும். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். அதன் பிறகும் ரோடுகள் வளர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. ரோடு போட்டவர் மிச்சப்படுத்திய செலவு, எதிர் வீட்டுக்காரரின் பேஸ்மட்டக் கணக்கில் ஏறுகிறது. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இந்தப் பற்று வரவு எழுதப்படுவதில்லை.

சமவெளிக்கே இந்தக் கதி. அதே மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை. வெள்ளிமலைப் பக்கம் ஒரு சரிவில் அதே 20க்கு 30 வீடு. பத்து அடிக்கு ஓர் அடி இறங்கும் சாதாரணச் சரிவுதான் என்றாலும், 30 அடி நீளத்தில் 3 அடி வித்தியாசம். முன்பக்கம் 2 அடி பேஸ்மட்டம் என்றால் பின்பக்கம் 5 அடி. பின்பக்கச் சுவர் மண்ணையும் தாங்க வேண்டும் என்பதால் கருங்கல் கட்டு வேண்டும். சிமெண்டும் கம்பியும் மலையேறி வரும் வாடகை தனி. 600 சதுர அடி அங்கேயும் 600தான். செலவு ஒன்றாகுமா?

அரசாங்கத்துக்குத் தெரியும், ஆனால்...

கொடுமை என்னவென்றால், சதுர அடி ரேட் போதாது என்பது அரசாங்கத்துக்கு நன்றாகவே தெரியும். மத்திய பொதுப்பணித்துறை வெளியிடும் பிளிந்த் ஏரியா விலைப்பட்டியலில், வழக்கமான உயரத்தைத் தாண்டி பேஸ்மட்டம் ஏறும் ஒவ்வொரு 0.3 மீட்டருக்கும், அதாவது ஓர் அடிக்கும், தனி விலை உண்டு. கடைக்கால் ஆழம் கூடினாலும் தனி விலை. அதுவும்கூட தோராய மதிப்பீட்டுக்குத்தான். வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு இனத்துக்கும் அளவெடுத்து விரிவான எஸ்டிமேட் போட வேண்டும். தன் கட்டிடத்துக்கு இவ்வளவு கவனமாக இருக்கும் அரசாங்கம், ஏழைக்கு வீடு தரும்போது மட்டும் ஒரே எண்ணை எல்லோர் தலையிலும் கட்டுகிறது.

பிரதமர் கிராமப்புற வீடு திட்டத்தில் 2016இல் சமவெளிக்கு 1.20 லட்சம், மலை மாநிலங்களுக்கும் கடினப் பகுதிகளுக்கும் 1.30 லட்சம் என்று வைத்தார்கள். 2024 ஆகஸ்டில் மேலும் 2 கோடி வீடுகளுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோதும் அதே தொகைதான். எட்டு வருடத்தில் சிமெண்டும் கம்பியும் கூலியும் எங்கே போயின என்று தெரியாதவர் யாராவது உண்டா? மலைக்கும் சமவெளிக்கும் வித்தியாசம் 10,000 ரூபாயாம். மேலே சொன்ன சரிவில் பின்பக்கக் கருங்கல் சுவருக்குக்கூட அது காணாது.

மாநில அரசு 2024-25 பட்ஜெட்டில் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம் இதைவிடத் தாராளம்தான், மறுக்க முடியாது. 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம். வகுத்தால் சதுர அடிக்கு 972 ரூபாய். திறந்த சந்தையில் 2,000க்குக் கீழே ரேட் சொல்லும் ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பதே கஷ்டம் என்றால், மிச்சம் யார் தலையில்? குடிசையில் இருப்பவர் என்பதால்தானே அவரைப் பயனாளி ஆக்கினார்கள்!

இதிலும் பேஸ்மட்டம்தான் முதல் கண்டம். தொகுப்பு வீடுகளுக்குப் பணம் கட்டம் கட்டமாக வரும். பேஸ்மட்டம், லிண்டல், கூரை, வேலை முடிவு. பேஸ்மட்டம் முடித்துக் காட்டினால்தான் அந்தக் கட்டத்தின் பணம். கடைக்கால் தோண்டவும் மண் நிரப்பவும் கல் வாங்கவும் முன்பணம் எங்கிருந்து வரும்? வட்டிக்குத்தான். அரசு தரும் வீடு, தனியார் கந்துவட்டியில் தொடங்குகிறது. முறைகேட்டைத் தடுக்கத்தான் இப்படி என்பார்கள். முறைகேட்டைத் தடுக்க மனையை அளந்து போட்டோ எடுத்து, கடைக்காலுக்கு என்று ஒரு பகுதியை முன்னதாகக் கொடுத்துவிட்டு, அடுத்த தவணையில் கணக்கு கேட்கலாமே?

மேஸ்திரி மட்டும் குற்றவாளியா?

இல்லை. மேஸ்திரிகளின் பக்கமும் நியாயம் உண்டு. 2025 ஏப்ரலில் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஜல்லியும் எம்-சாண்டும் கிடைக்காமல் வேலைகள் நின்றன. போன மாதம் பேசிய ரேட்டில் இந்த மாதம் கட்ட முடியாத நிலை. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதமாகக் குறைந்தது. வரியில்லா விலை 300 ரூபாய் என்றால் மூட்டைக்கு 30 ரூபாய் மிச்சம். இந்த 600 சதுர அடி வீட்டுக்கு 250 மூட்டை என்றால் 7,500. நல்லதுதான். ஆனால் ஓர் அடி பேஸ்மட்டச் செங்கலுக்கே அது காணாது.

விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன என்று எழுதாத ஒப்பந்தத்தில் இரண்டு பக்கமும் பயத்திலேயே இருக்கிறது. பயந்த மேஸ்திரி என்ன செய்வார்? கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை வைப்பார். பேஸ்மட்டத்தைவிடக் கண்ணுக்குத் தெரியாத இடம் எது? கிராவலுக்குப் பதில் ஏரிக் களிமண். அரை அடி, முக்கால் அடி அடுக்காக நிரப்பித் தண்ணீர் விட்டு இடிப்பதற்குப் பதில் ஒரே நாளில் டிப்பரால் கொட்டி மூடல். கரையான் மருந்து கிடையாது, ஈரம் ஏறாமல் தடுக்கும் கான்கிரீட் அடுக்கு கிடையாது. இரண்டு மழை கழித்து டைல்ஸ் உள்வாங்கும், சுவரில் உப்பு பூக்கும். அப்போது மேஸ்திரி வேறு ஊரில் வேறு ரேட் பேசிக்கொண்டிருப்பார்.

வணிகவியல் படித்த எவருக்கும் இதற்கு மருந்து தெரியும். காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் ஒப்பந்த அடக்கவியல் என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. சான்றளிக்கப்பட்ட வேலைக்கு மட்டும் பணம், அதிலும் ஒரு பகுதி பிடித்தம், விலை ஏறினால் இறங்கினால் என்ன செய்வது என்ற ஷரத்து எல்லாம் அதில் உண்டு. பத்து மார்க் கேள்விக்கு அதைப் படித்து எழுதியவர்கள், சொந்த வீட்டில் அப்பா மேஸ்திரியிடம் ரேட் பேசும்போது பக்கத்தில் நின்று டீ கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். :-)

“கிராமத்தில் யாருங்க இதெல்லாம் எழுதுவாங்க?” என்பது வழக்கமான பதில். கல்யாணத்துக்கு மளிகை லிஸ்ட் எழுதாத வீடு உண்டா? முந்திரி எத்தனை கிலோ, ஏலக்காய் எத்தனை கிராம் என்று சமையல்காரர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதுகிறார்கள். “இலைக்கு என்ன ரேட்” என்று மட்டும் கேட்டு விட்டுவிடுவதில்லை. ஒரு நாள் சாப்பாட்டுக்கு இருக்கும் லிஸ்ட், ஐம்பது வருட வீட்டுக்கு இருக்கக் கூடாதா?

இன்ஜினியரிடம் போனால் ஃபீஸ் கேட்பார் என்பது அடுத்த சாக்கு. வங்கிக் கடனுக்கு எஸ்டிமேட் வாங்க அதே இன்ஜினியரிடம் போய்க் காசு கொடுக்கத்தான் செய்கிறார்கள். அந்த எஸ்டிமேட் கடன் தொகைக்குத் தகுந்தபடி தைத்த சட்டை. வங்கிக்கு ஒரு கணக்கு, மேஸ்திரிக்கு ஒரு கணக்கு, உண்மைக் கணக்கு எங்கேயும் இல்லை. அதே ஃபீஸில் மனைக்கு வந்து மட்டம் பார்த்து, மண்ணைப் பார்த்து, நிஜமான அளவுப் பட்டியல் ஒன்று கேட்டு வாங்கலாம்.

கடைக்கால் தோண்டும் முன் கேட்க வேண்டியவை அதிகமில்லை. ரோட்டு மட்டத்திலிருந்து தளம் எத்தனை அடி உயரம்? அந்த உயரத்துக்கு எத்தனை யூனிட் நிரப்பு, என்ன மண், எத்தனை அடுக்கு? எத்தனை செங்கல், எத்தனை மூட்டை? ரேட்டில் சேர்ந்த உயரம் எவ்வளவு, மேலே ஏறும் ஒவ்வோர் அடிக்கும் எவ்வளவு? செப்டிக் டேங்க், தொட்டி, படி, கைப்பிடிச் சுவர் உள்ளேயா வெளியேயா? இவற்றைப் பத்திரத்தில் தமிழில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் போதும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டித் தருவதையும் ‘சேவை’ என்றே சொல்கிறது. தகராறு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தாள் இல்லாமல் போனால் எதைக் காட்டுவது?

பொருளை வீட்டுக்காரரே வாங்கிக் கூலியை மட்டும் ஒப்பந்தம் பேசுவது இன்னொரு வழி. தனி வீட்டுக்கான வெறும் கூலி ஒப்பந்தத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கும் உண்டு. ஆனால் அதற்கும் அளவுப் பட்டியல் வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை லோடு வந்தது, எத்தனை லோடு உள்ளே போனது என்று டிப்பர் டிரைவருக்கு மட்டும்தான் தெரியும்.

பன்னிரண்டரை யூனிட் கிராவல், 2,500 செங்கல். ஒரு பக்கத் தாளில் அரை மணி நேரத்தில் போடக்கூடிய கணக்கு இது. அதைப் போடாமல் விட்டதற்கு ஒரு குடும்பம் நாலு வருடம் வட்டி கட்டுகிறது, மகளின் நகை ஏலத்துக்குப் போகிறது, மகன் படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூர் பஸ் ஏறுகிறான். அடுத்த முறை யாராவது “சதுர அடி என்ன ரேட்டு?” என்று ஆரம்பித்தால், பக்கத்தில் இருக்கும் படித்த பிள்ளை வாயைத் திறந்து “பேஸ்மட்டம் எத்தனை அடி?” என்று கேட்கட்டும். டீ அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம்.